பீட்சா மெனுவில் 'குளூட்டன் ஃப்ரீ' வந்தது எப்படி? கோதுமைதான் வில்லன் எனக் கண்டுபிடித்த டச்சு டாக்டர் டிக்கேவின் கதை

ஐரோப்பா, அமெரிக்காவில் இன்றைக்கு ஓரளவு பெரிய பீட்சா கடை எதற்குள் போனாலும் மெனு கார்டின் ஓரத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்ற இரண்டு வார்த்தைகள் கண்ணில் படும். பலருக்கு அது எடை குறைப்புக்கான இன்னொரு ஃபேஷன் டயட். ஆனா சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு விஷயம் வேறு. அந்த இரண்டு வார்த்தைகளும் உண்மையா, சும்மா போட்டதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த சில நாட்கள் அவர்களுக்கு நிம்மதியாகப் போகுமா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகுமா என்பது தெரியும்.

இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு குழந்தைகள் நல மருத்துவர் இருக்கிறார். பெயர் வில்லம் காரெல் டிக்கே. நெதர்லாந்துக்காரர். அவருக்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள், சிப்பிக்கறி கொடுத்தார்கள், பட்டினி போட்டார்கள். எல்லாம் செய்துவிட்டு, கொஞ்சம் தேறியதும் கையில் ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் திரும்ப வந்தது. ஏன் வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

சீலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதத் தொகுப்புதான் குளூட்டன். மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிப்பதும், பீட்சாவின் அடித்தட்டு மெல்லிசாக விரிந்தும் கிழியாமல் இருப்பதும் குளூட்டன் புண்ணியத்தில்தான்.

சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உள்சுவரில் இருக்கும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது. இது சாதாரண அலர்ஜி இல்லை. மரபணு ரீதியாக வாய்ப்பு உள்ளவர்களுக்கு வரும் தன்னெதிர்ப்பு நோய். உலக அளவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. இந்தியாவில், கோதுமை அதிகம் சாப்பிடும் வட மாநிலங்களில் கூடுதல், தெற்கில் குறைவு.

குழந்தைகளிடம் முற்றிய நிலையில் இந்த நோய் பார்க்கவே பயங்கரமாக இருக்கும். கை, கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை போல உப்பிவிடும். மலம் வெளிறி, கொழுப்போடு, கடும் நாற்றத்தோடு போகும். வளர்ச்சி நின்றுவிடும். டிக்கே மருத்துவம் படித்த காலத்தில் இப்படி வந்த குழந்தைகளில் கணிசமானோர் பிழைக்கவில்லை.

சோறு கூடாது, டோஸ்ட் ஓகே!

நோய் புதுசு இல்லை. கப்படோக்கியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வயிறு சார்ந்த இப்படியொரு உபாதையை எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கத்தில் வயிற்றைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் 'சீலியாக்' வந்தது.

நவீன மருத்துவத்தில் இதை முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஜீ. 1887-ல் அவர் ஆற்றிய உரை அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. குணமாக வேண்டுமானால் அது உணவு மூலமாகத்தான் முடியும் என்று அவர் சரியாகவே ஊகித்தார். ஆனா எந்த உணவு என்பதில் தலைகீழாக விழுந்துவிட்டார். அரிசி, ஜவ்வரிசி மாதிரி மாவுச்சத்து உணவுகள் கூடாது. ரொட்டியை மெல்லிசாக வெட்டி, இரண்டு பக்கமும் நன்றாக டோஸ்ட் செய்து கொடுக்கலாம் என்பது அவர் போட்ட பட்டியல். அதாவது ஒரு பாவமும் செய்யாத சோற்றைத் தடை செய்துவிட்டு, விஷத்தை வாட்டிக் கொடுக்கச் சொன்னார்!

அதே உரையில் இன்னொரு குழந்தையைப் பற்றியும் சொல்கிறார். நெதர்லாந்தில் இருந்து வந்த நல்ல சிப்பிக்கறியைத் தினமும் சாப்பிட்ட அந்தக் குழந்தை அருமையாகத் தேறியது. சிப்பி சீசன் முடிந்தது, நோய் திரும்பியது. அடுத்த சீசனில் அந்தக் குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டதாம். சிப்பியில் மருந்து எதுவும் இல்லை. சிப்பியால் வயிறு நிறைந்த நாட்களில் ரொட்டிக்கு இடமில்லாமல் போனது என்பதே இன்றைய புரிதல்.

அடுத்து வந்தது வாழைப்பழம். நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் சிட்னி ஹாஸ் 1924-ல் 10 குழந்தைகளைப் பற்றி எழுதினார். வாழைப்பழ டயட்டில் வைத்த 8 பேர் தேறினார்கள். அது கிடைக்காத 2 பேர் இறந்துவிட்டார்கள். உலகம் முழுக்க இது பரவியது, பல உயிர்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. ஆனா ஹாஸ் தடுத்த உணவுகளின் பட்டியலில் ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் எல்லாமே இருந்தன. வாழைப்பழம் குணப்படுத்துகிறது என்று அவர் நம்பினார். ரொட்டி இல்லாததுதான் குணப்படுத்தியது. குணமாகிவிட்டது என்று நினைத்து மறுபடியும் கோதுமைக்குத் திரும்பிய குழந்தைகளுக்கு இது தெரிய வழியில்லாமல் போனது.

யார் இந்த டிக்கே?

1905-ல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தார். 1922-ல் இருந்து 1929 வரை லைடன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். பிறகு தி ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பயிற்சி. 1936-ல், 31 வயதிலேயே அதே மருத்துவமனையின் மருத்துவ இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது.

இது பெரிய ஆராய்ச்சிக் கூடமோ, பல்கலைக்கழக மருத்துவமனையோ கிடையாது. ஊரில் உள்ள குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஆனா ஒரு வசதி இருந்தது. சீலியாக் குழந்தைகள் மாதக்கணக்கில் வார்டிலேயே இருப்பார்கள். வீட்டுக்குப் போவார்கள், மோசமாகித் திரும்ப வருவார்கள். ஒரே குழந்தையைப் பல வருடம் பார்க்கும் வாய்ப்பு டிக்கேவுக்குக் கிடைத்தது. எடை, உயரம், என்ன சாப்பிட்டது, எப்போது மோசமானது என எல்லாம் நோட்டில் ஏறியது.

அந்த வருடங்களில்தான் அந்தத் தாய் வருகிறார். தன் குழந்தைக்கு ரொட்டி கொடுப்பதை நிறுத்தினால் உடம்பில் இருக்கும் தடிப்பு சீக்கிரமே மறைவதாக அவர் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய பெயர் சரித்திரத்தில் பதிவாகவில்லை. வேறு டாக்டராக இருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருக்கலாம். டிக்கே அதைப் பிடித்துக்கொண்டார். 1934-36 காலகட்டத்திலேயே கோதுமை இல்லாத உணவை வைத்துச் சோதனையைத் தொடங்கிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அது சாதாரணமாக எழக்கூடிய சந்தேகம் இல்லை. ஐரோப்பியருக்கு ரொட்டி என்பது நமக்குச் சோறு மாதிரி. நோயாளிக் குழந்தைக்கு எதை நிறுத்தினாலும் கடைசியாக நிறுத்துவது அதுவாகத்தான் இருக்கும். அதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

யாரும் படிக்காத 1941 கட்டுரை

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. வாழைப்பழ இறக்குமதி நின்றது. பழங்கள் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ரேஷன். அப்போது சீலியாக் குழந்தைகளுக்கு உலகம் சிபாரிசு செய்த டயட்கள் இரண்டு: ஹாஸின் வாழைப்பழ டயட், சுவிட்சர்லாந்து டாக்டர் ஃபன்கோனியின் பழம்-காய்கறி டயட். இரண்டுமே நெதர்லாந்தில் சாத்தியமில்லாமல் போனது.

1941-ல் டச்சு மருத்துவ இதழில் டிக்கே ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ரேஷன் காலத்துக்கு ஏற்ற எளிய உணவு முறை என்பதுதான் அதன் விஷயம். ரொட்டியும் ரஸ்க்கும் அறவே கூடாது. தினமும் இரண்டு வேளை சூடான சமைத்த உணவு கொடுக்கலாம். மூன்றாவது வேளைக்குக் கோதுமை மாவு சேர்க்காத இனிப்புக் கஞ்சியோ புளிப்புக் கஞ்சியோ போதும். அவ்வளவே.

உலகத்தின் முதல் கோதுமை இல்லாத சிகிச்சை உணவுக் குறிப்பு என்று இன்றைக்கு மருத்துவ வரலாறு கொண்டாடும் கட்டுரை இது. அன்றைக்கு அப்படி யாரும் கவனிக்கவில்லை. மொழி டச்சு, நாடு எதிரியின் கையில், ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்தது. லண்டனிலோ நியூயார்க்கிலோ யார் படித்திருக்கப் போகிறார்கள்?

பசிக் குளிர்காலமும் வெள்ளை ரொட்டியும்

1944 இலையுதிர் காலம். நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக டச்சு ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கான உணவுப் போக்குவரத்தைத் தடுத்தனர். குளிர் கடுமையாகி கால்வாய்களும் உறைந்துபோனதால் படகும் ஓடவில்லை. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக் என மேற்கு நகரங்கள் எல்லாம் பட்டினியில் விழுந்தன. மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கையும் சர்க்கரை பீட்ரூட்டையும் வேகவைத்துத் தின்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். டச்சு மக்கள் இதை இன்றும் பசிக் குளிர்காலம் என்றே சொல்கிறார்கள்.

ஊரே எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தபோது, சீலியாக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைந்தது. ரொட்டியே இல்லை, பிறகு எப்படி வரும்? நிவாரண உணவு வந்து ரொட்டி மறுபடியும் தட்டுக்கு வந்ததும் நோயும் திரும்ப வந்தது. எட்டு, பத்து வருடமாகத் தான் பிடித்து வைத்திருந்த சந்தேகத்தை ஒரு பஞ்சம் வந்து ஊர் அளவில் சோதித்துக் காட்டியதை டிக்கே பார்த்தார்.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். விமானங்கள் வானத்தில் இருந்து வெள்ளை ரொட்டியைப் போட்டன, அதைப் பார்த்துத்தான் டிக்கேவுக்கு இந்த யோசனையே வந்தது என்று இணையத்தில் பல இடங்களில் கதை சுற்றுகிறது. சினிமாவுக்கு நல்லா இருக்கும். ஆனா 1945 தொடக்கத்தில் ஸ்வீடனில் இருந்து கப்பலில் வந்த மாவை நெதர்லாந்து பேக்கரிகளில் சுட்டுத்தான் அந்தப் புகழ்பெற்ற வெள்ளை ரொட்டியை விநியோகித்தார்கள். விமானங்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டது ஏப்ரல் கடைசியில். இரண்டையும் மக்களின் ஞாபகம் ஒன்றாகக் கலந்துவிட்டது. அதைவிட முக்கியம், பஞ்சத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே டிக்கே வேலையைத் தொடங்கிவிட்டார். பஞ்சம் அவருக்கு யோசனையைத் தரவில்லை, உறுதியைத் தந்தது.

நிரூபிக்க வேண்டுமே!

போர் முடிந்தது. டிக்கேவிடம் நம்பிக்கை இருந்தது, எண்கள் போதவில்லை. ரொட்டியை நிறுத்தினேன், குழந்தை தேறியது என்று சொன்னால் போதாது. வாழைப்பழம் கொடுத்தேன், தேறியது என்று ஹாஸும் அதையேதான் சொன்னார். யாரை நம்புவது?

இங்கேதான் இரண்டு பேர் வருகிறார்கள். யூட்ரெக்ட் நகரின் உயிர்வேதியியலாளர் வான் டி காமர். அதே நகரின் குழந்தைகள் நல மருத்துவர் வேயர்ஸ். மலத்தில் எவ்வளவு கொழுப்பு வெளியேறுகிறது என்று வேகமாக அளக்கும் முறையை வான் டி காமர் குழு 1949-ல் வெளியிட்டது. கேட்க அருவருப்பான வேலைதான். ஆனா இந்த நோயின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள வேலையைச் சொல்வது கஷ்டம். குழந்தை சாப்பிட்ட கொழுப்பு எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால், குடல் எவ்வளவு உறிஞ்சியது என்பது ஒரு எண்ணாகக் கிடைத்துவிடும். டாக்டரின் அபிப்பிராயம் இனி தேவையில்லை.

சோதனை இப்படிப் போனது. கோதுமை இல்லாத உணவில் குழந்தையை வைப்பார்கள். கொழுப்பு வெளியேறுவது குறையும், எடை ஏறும். பிறகு கோதுமையைச் சேர்ப்பார்கள். உடனே ஒன்றும் ஆகாது. சில நாள் கழித்துப் பசி குறையும், எடை நிற்கும், கொழுப்பு அளவு எகிறும். நிறுத்தினால் மறுபடியும் சரியாகும். ரை மாவிலும் இதே கதை. அரிசி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கில் பிரச்சினை இல்லை. ஓட்ஸும் கெடுதல் என்றே அவர்கள் கருதினார்கள். கோதுமை கலக்காத சுத்தமான ஓட்ஸ் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும் என்பது பிற்காலத்தில் தெரிந்தது.

இதில் சங்கடமான ஒரு விஷயம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. தேறிவிட்ட குழந்தைக்கு, கெடுதல் செய்யும் என்று தான் சந்தேகப்படுவதையே திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் நிரூபணம். இன்றைக்கு இப்படி ஒரு ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் முன்பு பல மணி நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. இன்னொரு பக்கம், இந்த நிரூபணம் கிடைக்காமல் இருந்திருந்தால் உலகம் முழுக்கக் குழந்தைகள் வாழைப்பழம் தின்று தேறி, ரொட்டி தின்று சரிந்துகொண்டே இருந்திருப்பார்கள். சில குழந்தைகளின் சில வார அவஸ்தையை எடை போட்டுத்தான் அவர் முடிவெடுத்திருக்க வேண்டும். அது எளிதான கணக்கு இல்லை.

1950-ல், 45 வயதில், யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கே முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். சில தானியங்கள் சீலியாக் நோயாளிகளுக்கு எப்படிக் கெடுதல் செய்கின்றன என்பதே தலைப்பு. வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த குழந்தைகளின் வளர்ச்சி வரைபடங்கள் அதில் இருந்தன. கோடு ஏறும் இடத்தில் கோதுமை இல்லை. இறங்கும் இடத்தில் இருக்கிறது.

அடுத்த கேள்வி, கோதுமையில் எது? மாவைத் தண்ணீரில் கழுவினால் மாவுச்சத்து கரைந்து போகும், ரப்பர் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும். அந்த உருண்டைதான் குளூட்டன். மாவுச்சத்தை மட்டும் கொடுத்தபோது குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புரதம்தான் குற்றவாளி, குறிப்பாக அதில் உள்ள கிளையடின் என்று மூவர் குழு 1953-ல் வெளியிட்ட கட்டுரைகளில் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டே, 1952-ல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சார்லட் ஆண்டர்சன் உள்ளிட்ட குழுவினர் குளூட்டனையே சுட்டிக்காட்டி லான்செட் இதழில் எழுதிவிட்டார்கள். அவர்கள் தொடங்கியதே டச்சுக் குழுவின் கண்டுபிடிப்பைச் சரிபார்க்கத்தான். யார் முதலில் என்ற சண்டை இந்த விஷயத்தில் பெரிதாக எழாமல் போனது நல்லது.

எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்களா என்றால், இல்லை. 1951-லும் ஹாஸ் தன் மகனோடு சேர்ந்து சீலியாக் சிகிச்சை பற்றிப் புத்தகம் எழுதினார். மாவுச்சத்துதான் பிரச்சினை என்ற கருத்தை அவர் விடவே இல்லை.

கோதுமை குடலில் என்ன செய்கிறது என்பதை டிக்கே தொடங்கும்போது யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1950-களின் நடுவில்தான், குடலின் உள்சுவர் தட்டையாகிப் போவதை அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களிலும், பிறகு குழாய் வழியாக எடுத்த பயாப்சியிலும் டாக்டர்கள் பார்த்தார்கள். இது தன்னெதிர்ப்பு நோய் என்று உறுதியாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆனது. குற்றவாளி யாரென்று அவர் சொல்லிவிட்டார், எப்படிச் செய்தது என்பது பிறகு வந்தது.

1957-ல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி, அங்குள்ள வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் இயக்குநர் பொறுப்பு. ஐந்தே வருடம். 1962-ல், 57 வயதில் டிக்கே இறந்தார். நெதர்லாந்தின் இரைப்பை-குடல் மருத்துவ சங்கம் அவர் பெயரில் ஒரு பதக்கம் உருவாக்கி, இந்தத் துறையில் முன்னோடி ஆய்வு செய்பவர்களுக்குக் கொடுத்து வருகிறது.

சரி, பீட்சாவுக்கு வருவோம்

டிக்கே கொடுத்த சிகிச்சைதான் இன்றைக்கும் சிகிச்சை. சீலியாக் நோய்க்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு மட்டுமே. வீட்டில் சமாளித்துவிடலாம். வெளியே சாப்பிடுவதுதான் சிக்கல், அதிலும் பீட்சா கடை உச்சகட்டச் சிக்கல்.

காரணம் எளிது. அங்கே காற்றிலேயே மாவு பறக்கிறது. கடைக்காரர் அரிசி மாவிலோ சோள மாவிலோ தனி பேஸ் வைத்திருக்கலாம். ஆனா அதைத் தேய்க்கும் மேடையில் ஏற்கெனவே மைதா தூவியிருக்கும். அடுப்புக்குள் தள்ளும் நீளக் கரண்டியிலும் மாவு. அடுப்பின் கல்தளத்தில் முந்தைய பீட்சாவின் துகள். ஒரே சாஸ் கரண்டி, ஒரே சீஸ் டப்பாவில் மாவுக் கை, கடைசியில் அதே கட்டர். 400 டிகிரி சூட்டில் எல்லாம் பொசுங்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கிருமி சாகும், குளூட்டன் கிருமி இல்லை, சூட்டில் அழியாது.

எவ்வளவு சிறிய அளவு பிரச்சினை? சர்வதேச உணவுத் தரக் குறியீட்டின்படியும், இந்தியாவின் எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படியும் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடக் கூடாது. தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்றில், அந்த அளவே குடலைப் பாதிப்பது தெரிந்தது. ஒரு சாதாரண பிரெட் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் அந்த 50 மில்லிகிராம். கட்டரில் ஒட்டியிருக்கும் துகளைச் சும்மா விட முடியாது என்பது இதனால்தான்.

அமெரிக்காவில் டோமினோஸ் நிறுவனம் 2012-ல் குளூட்டன் இல்லாத பேஸை அறிமுகப்படுத்தியபோதே, சமையலறை பொதுவானது என்பதால் சீலியாக் நோயாளிகளுக்கு இது ஏற்றதல்ல என்று சேர்த்தே அறிவித்தது. குழப்பம் என்று அப்போது சிலர் விமர்சித்தார்கள். உண்மையில் எதுவும் சொல்லாமல் விற்பதைவிட அது எவ்வளவோ மேல். 2019-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கையடக்கக் கருவியால் வாடிக்கையாளர்களே செய்த 5,600-க்கும் மேற்பட்ட சோதனைகளை அவர்கள் அலசினார்கள். குளூட்டன் இல்லை என்று ரெஸ்டாரன்ட்கள் கொடுத்த உணவுகளில் 32 சதவீதத்தில் குளூட்டன் தெரிந்தது. பீட்சாவில் மட்டும் அது பாதிக்கு மேல். சந்தேகம் வந்த உணவைத்தான் ஆட்கள் சோதித்திருப்பார்கள், கருவியும் 20-க்குக் கீழான அளவைக்கூடச் சில சமயம் காட்டும் என்பதால் எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அப்படியும் பீட்சாதான் முதலிடம்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, குளூட்டன் ஃப்ரீ இருக்கிறதா என்பது இல்லை. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றே சொல்வார்கள். பேஸ் எங்கே தயாராகிறது, தனி மேடை உண்டா, தனி அடுப்பா அல்லது மூடிய தட்டில் வைத்துச் சுடுகிறீர்களா, சாஸும் சீஸும் தனி டப்பாவா, கட்டர் தனியா என்று கேட்க வேண்டும். கூட்டம் குறைவான நேரத்தில் போனால் பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கும். கேள்வி புரியாமல் முழிக்கும் கடையில் சாலட் கூட வேண்டாம். சாசேஜ், மீட்பால் மாதிரி டாப்பிங்கில் கோதுமை சேர்ந்திருக்கலாம். மறைந்திருக்கும் கோதுமை நம்ம ஊரிலும் உண்டு. இட்லியும் சோறும் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. ஆனா சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பல பிராண்டுகள் கோதுமை மாவு சேர்க்கின்றன. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

இந்த விஷயத்தில் பீட்சாவின் தாய்நாடே முன்மாதிரி. இத்தாலியில் 1979-ல் தொடங்கப்பட்ட சீலியாக் சங்கம், ரெஸ்டாரன்ட்களுக்கும் பீட்சா கடைகளுக்கும் பயிற்சி கொடுத்து, சமையலறையைச் சோதித்து, தேறியவற்றைப் பட்டியலில் சேர்க்கிறது. நோயாளி பட்டியலைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கலாம். 2005-ல் அந்த நாடு போட்ட சட்டப்படி பள்ளி, மருத்துவமனை கேன்டீன்களில் கேட்டால் குளூட்டன் இல்லாத சாப்பாடு கொடுத்தாக வேண்டும். குளூட்டன் இல்லாத உணவுப்பொருள் வாங்க வயது, பாலினத்துக்கு ஏற்ப மாதாந்திர உதவியும் உண்டு.

அந்தக் கடைகளில் கிடைக்கும் பீட்சா நிஜ பீட்சா மாதிரியே இருப்பதற்கு ஒரு ரகசியம் உண்டு. இத்தாலியில் விற்கும் குளூட்டன் இல்லாத பீட்சா மாவு சிலவற்றில் முக்கியச் சேர்மானம் கோதுமை மாவுச்சத்து. ஆமாம், கோதுமைதான், புரதத்தைக் கழுவி எடுத்துவிட்டது. கோதுமை அலர்ஜி உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. சீலியாக் நோயாளிகள், 20 மில்லிகிராம் வரம்புக்குள் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். 1950-களின் தொடக்கத்தில் மூன்று டச்சுக்காரர்கள் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கெடுதல் இல்லை என்று எழுதி வைத்த அதே மாவுச்சத்து.